பழைய நூல்களும் பிரெஞ்சுச் சிறுகதைகளும்

பழைய நூல்களைக் கடதாசி வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துவிடுமாறு வீட்டார் வற்புறுத்துவர், யான் இணங்குவதில்லை. கறையானுக்குத் தப்பிய பிரெஞ்சுச் சிறுகதைத் தொகுதியொன்றை, ஆங்கில மொழிபெயர்ப்பாக உள்ளதை, அண்மையில் மீண்டும் படித்தேன்.

அல்போன்ஸ் தோதேயின் 'கடைசி வகுப்பு' அதில் உள்ளது. 1870 இல் மூண்ட போரிற் பிரான்ஸ் தோற்றமையால், மறுஆண்டு அல்சாஸ் ஜெர்மனியின் வசமாயிற்று. பள்ளிகளில் இனி ஜெர்மன் மொழியே என்ற கட்டளை வர, முதிய ஆசிரியர் தமது இறுதிப் பிரெஞ்சுப் பாடத்தை நடத்துகின்றார். ஆசிரியத் தொழில் புரிவோர் இதனைக் கண் கலங்காது படித்தல் அரிது. ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகின்றது. அல்சாஸ் மக்களுட் பெரும்பாலார் வீட்டிற் பேசியது ஜெர்மானியக் கிளைமொழியொன்றையே. அதுபற்றிக் கதை வாய் திறவாது. தாய்மொழிப் பற்றுக்கு இக்கதையை எடுத்துக்காட்டும் மேடைப் பேச்சாளர் இதனை நோக்குதல் நன்று!

அதே போரைப் பற்றிய மாப்பசானின் 'கொழுப்புருண்டை' 1880 இல் வெளிவந்தது. யான் இதனையே மேலாக மதிக்கின்றேன். ரூவென் நகரிலிருந்து வண்டியேறிய கனவான்களும் சீமாட்டிகளும், தம் பயணத் தடை நீங்கும்பொருட்டு, உடன்வந்த கணிகையைப் பிரசிய அதிகாரியிடம் செல்லுமாறு நயமாக நெருக்குகின்றனர். மறுநாட் காலை வண்டியில் அவள் பசித்திருக்க, ஒருவரும் ஒரு துண்டு ரொட்டி ஈந்திலர். முன்னர் அவளது கூடையிலிருந்த கோழியிறைச்சியைப் பகிர்ந்துண்டோர் அவர்களே.

இக்கதை மாணவர்க்கு ஆகாதென்பாரும் உளர். மேல்வகுப்பு மாணவர் கேட்பின் யான் கொடுப்பதுண்டு. அட்டை கழன்றுவிட்டமையால், நூலாற் கட்டியே கொடுக்கின்றேன்.