அபாய மணியின் கட்டுச்சோறு

பெரிய விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் தீயை அறிவிக்கும் அமைப்பு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். கூரையிலே புகையுணர் கருவிகள், சுவரிலே மணிகள், இவை யாவற்றையும் ஆளுகின்ற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இவை ஊர் மின்சாரத்தால் இயங்குவன. ஆனால், கம்பியிற் பற்றிய தீ முதலில் அந்த மின்சாரத்தையே அறுத்துவிடக் கூடும். அவ்வேளையில் மணி ஊமையாகிவிட்டால் உறங்குவோரை எழுப்புவார் யார்? இதற்காகவே பெட்டிக்குள் சேமக்கலங்களை, அதாவது பாட்டரிகளை, வைக்கின்றனர். வழிநடைக்குக் கட்டுச்சோறு போன்றவை அவை. எவ்வளவு சோறு கட்டுவது என்பதே இன்றைய கணக்கு.

அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் 72ஆம் எண் விதிநூல் ஓர் அளவு கூறுகிறது. மின்சாரம் நின்றபின் 24 மணி நேரம் அமைப்பு விழித்திருத்தல் வேண்டும். அதன் பிறகும் 5 நிமிடம் மணியை ஒலிக்கச் செய்யும் வலிமை எஞ்சியிருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியிற் பேசி மக்களை வெளியேற்றும் அமைப்பாயின் 15 நிமிடம். ஒரு நாள் என்பது மிகையன்று. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் பிற்பகலில் நியூயார்க்கு நகரம் இருளில் மூழ்கியது. சில பகுதிகளுக்கு மறுநாள் இரவுதான் மின்சாரம் மீண்டது.

ஒரு விடுதியின் அமைப்பு விழித்திருக்க 0.25 ஆம்பியரும், மணியடிக்க 2.4 ஆம்பியரும் இழுப்பதாகக் கொள்வோம். 0.25ஐ 24ஆற் பெருக்கினால் 6 ஆம்பியர்-மணி. (இங்கே மணி என்பது நேரம்; ஒலிக்கும் மணியன்று!) 5 நிமிடம் என்பது ஒரு மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு; ஆகவே ஒலிப்பதற்கு 0.2. கூட்டினால் 6.2. ஊரைக் கூட்டும் ஓசைக்கே மிகுதியும் செலவாகும் என்று எண்ணியிருப்பீர்கள். அன்று, ஓசையின்றி விழித்திருப்பதே ஏறக்குறைய முழுவதையும் உண்டுவிடுகிறது.

அப்படியாயின் 7 ஆம்பியர்-மணிப் பாட்டரி போதுமே என்பீர்கள். புதிதாக இருக்கும்வரை போதும். ஈயப் பாட்டரி ஆண்டுதோறும் தளர்வது. குறித்த கொள்ளளவில் 80 விழுக்காடாகக் குறைந்ததும் அதனை மாற்றிவிட வேண்டுமென்பது பொறியியலார் வழக்கு. அந்நிலையில் 7 என்பது 5.6 ஆகிவிடும், 22 மணி 24 நிமிடத்தில் தீர்ந்துபோகும். 23ஆம் மணியிலே தீப்பற்றினால்? விழித்திருப்பதற்குரிய பங்கு முன்னரே செலவாகிவிடுவதால், குறை எப்போதும் மணியின் பங்கிலேயே வந்து விழுகிறது. ஆதலால் முதுமைக்கும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்: 6.2ஐ 0.8ஆல் வகுக்க 7.75 வரும். 8 என்று குறித்த பாட்டரி மயிரிழையில் தேறும். ஆயினும் குறித்த அளவு பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கும்போது கிடைப்பது. விரைந்து இழுத்தால் குறைவாகவே கிடைக்கும் என்பதை 1897இல் பாய்க்கெர்ட் என்னும் ஜெர்மானியர் ஆராய்ந்து கூறினார். கடுங்குளிரும் அதனைக் குறைக்கும். 12 கொள்வதே என் விருப்பம். ஆனால் பெட்டியிலுள்ள மின்னூட்டி அத்துணைப் பெரிய கலத்தை நிரப்ப வல்லதா என்பதைச் செய்தோர் குறிப்பிற் பார்த்துக்கொள்க.

பல மாணவர் இடறும் இடம் ஒன்றுண்டு. 24 வோல்ட் வேண்டி 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைப்பர். கூடுவது வோல்ட் மட்டுமே, ஆம்பியர்-மணி ஒன்றினுடையதே. இரண்டு 7ஐ 14 என எழுதினால் மதிப்பெண் போவதோடு நிற்காது.

விடுதியில் புதிய அறைகள் கட்டி உணர்கருவிகளைச் சேர்த்தனர் என்று வையுங்கள். 0.25 ஆம்பியர் 0.30 ஆயிற்று. அற்பமான உயர்வுதான். ஆனால் 24ஆற் பெருக்க 7.2, மணிக்கு முன்போல் 0.2 சேர்த்து 0.8ஆல் வகுத்தால் 9.25. நேற்றுவரை தேறிய 8 இன்று தேறாது. பெட்டியைத் திறந்து பாட்டரியை மாற்றியாக வேண்டும்.