சட்டை ஏன் மறைந்தது? – ஒரு ரசிகனின் அபிப்பிராயங்கள்

ஆழ்வார்பேட்டையில், எல்டாம்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ந்தவன் நான். நவம்பர் 7 வந்தால் கமல்ஹாசன் அலுவலகத்துக்கு முன்னால் கூடுகிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். இதைச் சொன்னால் இயக்க நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ‘தோழர், நீங்க இன்னுமா ரசிகர்?’ என்று ஒருவர் கேட்டேவிட்டார். கேட்டவரும் ‘விக்ரம்’ படத்தை இரண்டு தடவை பார்த்தவர்தான். அவர் பார்த்தது ஆய்வுக்காகவாம். நான் பார்த்தது பிடித்ததனால். இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ரசிகனைப் பற்றி நம்மிடம் இரண்டு சொல்லாடல்கள் இருக்கின்றன. சினிமாத் தொழிலுக்கு அவன் வசூல் கணக்கு. நமக்கு அவன் ஏமாளி. எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் விரிவாக எழுதினார். ‘பிம்பச் சிறை’ என்று பின்னால் தமிழிலும் வந்த அந்த நூலிலிருந்து நாம் சௌகரியமாக எடுத்துக்கொண்டது சிறை என்ற சொல்லை மட்டும்தான். உள்ளே இருப்பவன் என்ன பேசிக்கொண்டிருக்கிறான் என்று காது கொடுத்துக் கேட்கவில்லை. கட்அவுட் கட்டினான், ரத்ததானம் செய்தான். 2018இல் மதுரையில் மக்கள் நீதி மய்யம் தொடங்கப்பட்டபோது கொடியும் பிடித்தான். இத்தனை வேலைகளுக்கு நடுவில் அவனுக்கு அபிப்பிராயங்களும் இருந்தன.

என்னுடைய அபிப்பிராயங்கள் சிவகாசியில் அச்சானவை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. பிரிட்டிஷ் சித்திரக்கதையின் தமிழ் வடிவம் அது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். வாடகை நூல்நிலையத்தில் எடுத்த கிழிந்த பிரதியை நாலு பேர் சேர்ந்து படிப்போம். படித்து முடித்ததும் சண்டை ஆரம்பிக்கும். ‘டேய், உடம்பு மறையுது சரி, சட்டை ஏன்டா மறையுது?’ ஒரு மழைக்கால விடுமுறை முழுக்க இந்த ஒரு கேள்வி ஓடியது. சட்டையிலும் மின்சாரம் ஏறுகிறது என்றான் ஒருத்தன். அப்படியானால் அவன் உட்கார்ந்த நாற்காலி ஏன் மறையவில்லை என்றான் இன்னொருத்தன். விமர்சனம் என்று இன்றைக்கு நான் எதைச் சொல்கிறேனோ அதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பிரதியின் மீது அளவுகடந்த ஆசை இருந்தது. அதனாலேயே அதன் ஓட்டை கண்ணை உறுத்தியது.

தழுவல் என்று வந்துவிட்டால் இந்த உறுத்தல் இன்னும் கூடும். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தது ‘பொன்னியின் செல்வன்’. இதே ஆழ்வார்பேட்டைக்காரரான மணிரத்னம் அதை 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாகத் திரைக்குக் கொண்டுவந்தார். எங்கள் மாடிவீட்டு மாமி முதல் பாகம் பார்த்துவிட்டு வந்து சொன்னது ஒரே வரி: ‘மணியம் போட்ட நந்தினி இவ இல்லேடா.’ மணியத்தின் கோட்டோவியத்தை எழுபது வருஷம் மனசில் வைத்திருந்தவருடைய புகார் அது. அந்தக் கதை தன்னுடையதும்தான் என்கிற உரிமைக்குரல் அதில் கேட்கவில்லையா?

இனி ‘விக்ரம்’. 1986இல் வந்த முதல் படத்துக்கு சுஜாதா எழுதினார்; குமுதத்தில் தொடராகவும் வந்தது. களவு போகும் அக்னிபுத்ரா ஏவுகணை, கம்ப்யூட்டர், சத்யராஜின் சுகிர்தராஜா, பிறகு சலாமியா என்றொரு கற்பனை ராஜ்யம். முதல் பாதி ஜேம்ஸ்பாண்டு, இரண்டாம் பாதி அம்புலிமாமா. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. அந்த ஒட்டாத இடத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம். சலாமியாவுக்குப் போகாமல் கதையை எப்படி முடித்திருக்கலாம் என்று டீக்கடையில் எத்தனை திரைக்கதை எழுதியிருப்போம்! குறையுள்ள படம் ரசிகனுக்கு வேலை கொடுக்கிறது.

லோகேஷ் கனகராஜ் பிறந்ததும் அதே 1986இல்தான். கமலின் ரசிகன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிற அவர் 2022 ஜூன் 3 அன்று தன் ‘விக்ர’மை வெளியிட்டார். டீக்கடையில் நாங்கள் எழுதிய திரைக்கதை கடைசியில் படமாகிவிட்டது மாதிரி இருந்தது. விசிலடித்தேன். என் வயசுக்கு அது அதிகம்தான்.

ஆனால் வெளியே வந்து பார்த்தால், பேச ஒன்றும் மிச்சமில்லை. நான் கேட்கக்கூடியதையெல்லாம் படமே முன்கூட்டி யோசித்துப் பரிமாறிவிட்டது. 2019இல் வந்த ‘கைதி’யோடு இந்தக் கதை பிணைந்திருந்தது, வெளியீட்டுக்கு முந்தின நாள், ‘கைதி’யை மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள் என்று இயக்குநரே கேட்டுக்கொண்டார். ‘யூனிவர்ஸ்’ என்று இதற்குப் பெயர். அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வேலை: ஒரு புத்தகத்தின் பாத்திரத்தை இன்னொன்றில் நுழைத்து, இரண்டையும் வாங்கவைப்பது. ரசிகனின் ஞாபகம் இங்கே மூலதனமாகிறது. ‘ரோலக்ஸ்’ வந்ததும் அலறுகிறோம். அடுத்தது என்ன என்று மட்டும் கேட்கிறோம். ஏன் என்று கேட்பது நின்றுபோகிறது.

ஏன் என்று கேட்காமல் விட்டதில் எது தப்பிப்போனது? 1986இல் விக்ரமைக் கிளப்பிவிட அம்பிகா செத்தாக வேண்டியிருந்தது. 2022இல் அமரைத் திருப்பிவிட அவன் மனைவி காயத்ரியின் தலை போகிறது. முப்பத்தாறு வருஷத்தில் கம்ப்யூட்டர் மாறியது, இது மாறவில்லை. ஏஜென்ட் டீனாவுக்குத் தியேட்டரே எழுந்து நின்றது உண்மை. வேலைக்காரம்மாவாக ஓரத்தில் நின்றவர் முள்கரண்டியோடு பாய்ந்தபோது நானும் கத்தினேன். அவரும் சாகிறார்.

இதைவிடப் பெரிய சங்கடம் அமரின் ரகசியப் படை. வெளியில் பெயர் தெரியாத ஆட்கள், சட்டத்துக்கு வெளியே ஆளைத் தூக்கி விசாரிக்கிறார்கள். கைதட்டினேன். அதற்கு இரண்டே வருஷம் முன்னால், 2020 ஜூனில்தான் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அதைக் கண்டித்து நடந்த கூட்டத்துக்கும் நான் போயிருந்தேன். இரண்டும் இதே கைகள்தான்.

ஆய்வுக்காகப் பார்த்த தோழருக்கு இந்தச் சிக்கல் இல்லை. படம் போலீஸ் வன்முறையை நியாயப்படுத்துகிறது என்று ஒரு பத்தியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். சரியாகத்தான் எழுதுவார். ஆனால் அது எப்படி இனித்தது, கோஷம் போட்ட தொண்டையிலிருந்தே விசில் எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாது. அவர் விசிலடிக்கவில்லையே. கைதட்டியவன்தான் கைதட்டலுக்குச் சாட்சி சொல்ல முடியும்.

ஆகவே ரசிகன் ரசிகனாகவே இருக்கட்டும். அவனுடைய பழைய அற்பக் கேள்விகளை மட்டும் யாரும் பிடுங்காமல் இருந்தால் போதும். சட்டை ஏன் மறைந்தது என்று கேட்டவன் இதையும் கேட்பான்: அமரின் ஆட்களுடைய பெயர் எங்கேயும் இல்லை, சரி, அவர்கள் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பாவிட்டால், அவன் பெயரை எந்த ரிஜிஸ்டரில் போய்த் தேடுவது?