மின்சாரம் கேட்காத குளிர் அறை

புது தில்லி: கோடையில் பறித்த வெண்டைக்காய் தில்லி வெயிலில் மறுநாளே வதங்கிவிடும். வீட்டுத் தோட்டத்திலும் சிறு துண்டு நிலத்திலும் பயிரிடுவோர் அதை அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும். அப்போது விலையைச் சொல்பவர் வாங்குபவரே. நாட்டிலுள்ள குளிர்பதனக் கிடங்குகளின் கொள்ளளவிலோ பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கே போய்விடுகிறது. இரண்டு கூடை காய்க்கு அங்கே இடம் ஏது?

இதற்கு எளிய வழியை, தில்லி பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களிலேயே கண்டறிந்துவிட்டது. விஞ்ஞானிகள் எஸ்.கே. ராய், டி.எஸ். குர்தியா ஆகியோர் உருவாக்கிய இந்தக் குளிர் அறை, மண்பானை நீரைக் குளிர்விக்கும் தத்துவத்திலேயே இயங்குகிறது.

அறை என்பது பெயரளவில்தான். உண்மையில் அது இடுப்பளவு உயரம்கூட இல்லாத செங்கல் தொட்டி. செங்கல் பரப்பிய தளத்தின் மீது 67.5 செ.மீ. உயரத்துக்கு இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே 7.5 செ.மீ. இடைவெளியில் ஆற்று மணலை நிரப்புகிறார்கள். மேலே மூங்கில் சட்டத்தில் வைக்கோல் மூடி. வெயில் படாதிருக்கக் கீற்றுக் கூரை. காலையும் மாலையும் மணலையும் சுவரையும் நனைத்தால், ஆவியாகும் நீர் உள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்துச் செல்லும்.

தில்லியில் வெளியே 44 டிகிரி செல்சியஸ் கொதித்தபோதும் உள்ளே 28 டிகிரியைத் தாண்டவில்லை என்பது சோதனை முடிவு. ஒரு நாள் தாங்கும் வெண்டைக்காய் 6 நாள்களும், 5 நாள் தாங்கும் கேரட் 12 நாள்களும் கெடாமல் இருந்தன. ஒரு நாள்கூடத் தாங்காத தண்டுக்கீரைக்கு 3 நாள்கள் கிடைத்தன. பேரம் பேச விவசாயிக்கு இந்த அவகாசம் போதும்.

ஆயினும் இது எங்கும் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஜூலையில் பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறினால் நீர் ஆவியாவது குறையும், குளிர்ச்சியும் குறையும். வறண்ட வெப்பமே இதற்கு உகந்தது. ஆனால் அத்தகைய பகுதிகளில்தான் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். குடிநீருக்கே குடத்துடன் நடக்கும் வீட்டில் மணலை யார் நனைப்பார்கள்?

100 கிலோ கொள்ளும் அறைக்கு ரூ.4 ஆயிரம் என மதிப்பிட்டு, அதில் பாதியை மானியமாகத் தர மத்திய அரசின் தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கம் 2014-இல் வழிவகுத்தது. இயந்திரம் இல்லாததால் இதை விளம்பரப்படுத்தி விற்க எந்த வியாபாரிக்கும் அக்கறை இல்லை. விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் வேலை வேளாண் அலுவலர்களுடையதே. அவர்கள் மறவாமல் சொல்ல வேண்டிய எச்சரிக்கையும் ஒன்றுண்டு: வெங்காயத்தையும் பூண்டையும் இதற்குள் வைக்கக் கூடாது, ஈரத்தில் அவை முளைவிடும், அழுகும்.