12 லட்சம் சம்பளத்துக்கு வரியே இல்லைன்னு ஏஐ சொன்னா நம்பலாமா?



2025 ஜூலையில் பெருமாள்புரத்திலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். வருஷச் சம்பளம் 12 லட்சம், புதிய வரி முறை. ஃபார்ம் 16-ல் டிடிஎஸ் 71,500 ரூபாய். "சார், எனக்கு வரியே கிடையாது, மொத்தமும் ரீஃபண்டுன்னு ஏஐ சொல்லுது. போர்ட்டல் மட்டும் காட்ட மாட்டேங்குது" என்றார். அந்தப் பணத்தை நம்பி பைக்குக்கு அட்வான்ஸும் கொடுத்துட்டார்.

அது அவரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கின ஏஐ ஏஜென்ட். கணக்கில் தப்பே இல்லை. தப்பு, டூலுக்கு எழுதின ஒரு வரிக் குறிப்பில் இருந்தது.

ஏஜென்ட் எதைப் படிக்கும்?

ஏஜென்ட் பதில் மட்டும் சொல்லாது; வேலைக்குத் தேவையான டூலைத் தானே எடுத்து ஓட்டும். டூல்னா சின்ன புரோகிராம். ஒண்ணு ஃபார்ம் 16-ஐப் படிக்கும், ஒண்ணு வரி போடும், இன்னொண்ணு ஏஐஎஸ் அறிக்கையோட ஒப்பிட்டுப் பார்க்கும்.

எதை எப்போ எடுக்கணும், என்ன விவரம் கொடுக்கணும்னு ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? டூலோட பேர், விளக்கக் குறிப்பு, உள்ளீட்டுப் பட்டியல் ஆகிய மூணையும் வச்சுத்தான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி முறையிலும் இதே கதைதான். பொதுவா, உள்ளே என்ன புரோகிராம் ஓடுதுன்னு ஏஜென்ட் பார்க்கிறதில்லை.

தம்பியோட குறிப்பு இதுதான்: "வரியைக் கணக்கிடும். உள்ளீடு: வருமானம், வருடம்."

எந்த 2025-26?

போர்ட்டலில் "மதிப்பீட்டு ஆண்டு 2025-26" என்று இருந்ததால், அவர் வருடத்தை 2025-26 என்று கொடுத்தார். டூல் அதை நிதியாண்டுன்னு எடுத்துக்கிட்டது. 75,000 நிலையான கழிவு போக மிச்சம் 11,25,000 ரூபாய். இப்போ பாருங்க:

- நிதியாண்டு 2024-25 (மதிப்பீட்டு ஆண்டு 2025-26): வரி 68,750 + செஸ் 2,750 = 71,500 ரூபாய்.
- நிதியாண்டு 2025-26: வரி 52,500. ஆனா 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருக்கிறதால பூஜ்யம்.

ஒரே சம்பளம், ஒரே எண், 71,500 ரூபாய் வித்தியாசம்!

இந்தக் குழப்பம் இதோட முடியலை. வருமானவரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்து, "வரி ஆண்டு" என்ற ஒரே பேரைக் கொண்டுவந்தது. ஆனா நிதியாண்டு 2025-26-க்கான ரிட்டர்ன் இன்னும் பழைய சட்டப்படி மதிப்பீட்டு ஆண்டு 2026-27-ல் வரும். ஆக "2026-27" என்று மட்டும் எழுதினா, அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

போர்ட்டல் எல்லாத்தையும் பிடிக்காது

போர்ட்டல் வரியைத் தானே கணக்குப் போடுறதால இந்தத் தப்பு மாட்டிச்சு. எச்ஆர்ஏ அப்படி இல்லை. நீங்க கொடுக்கிற விவரத்தை வச்சுத்தான் வரும். உதாரணத்துக்கு, சென்னைக் கம்பெனிக்கு பாளையங்கோட்டை வாடகை வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீங்க, பழைய வரி முறை. மாசம் பேசிக் 25,000, எச்ஆர்ஏ 12,500, வாடகை 14,000. டூலில் "ஊர்" என்று மட்டும் இருந்தா, ஏஜென்ட் ஃபார்ம் 16-ல் இருக்கிற சென்னை முகவரியை எடுத்துக்கலாம். அப்போ வரம்பு பேசிக்கில் 50%, விலக்கு 11,500 ரூபாய். ஆனா நீங்க குடியிருக்கிற வீடு நெல்லையில். வரம்பு 40%, விலக்கு 10,000 தான். வருஷத்துக்கு 18,000 ரூபாய் கூடுதலா கழிச்சிருப்பீங்க. பழைய சட்டத்தின் 270ஏ பிரிவில், வருமானத்தைக் குறைச்சுக் காட்டினா அதுக்கான வரியில் 50%, தவறான தகவல் தந்து குறைச்சிருந்தா 200% அபராதம்.

குறிப்பில் என்ன இருக்கணும்?

1. ஆண்டு: "நிதியாண்டு 2024-25-க்கு மட்டும். மதிப்பீட்டு ஆண்டு கொடுத்தால் நிறுத்திக் கேட்கவும்."
2. உள்ளீட்டின் அர்த்தம்: "வருமானம் = நிலையான கழிவுக்கு முந்தைய சம்பளம்." "ஊர் = வாடகை வீடு இருக்கும் ஊர், கம்பெனி இருக்கும் ஊர் அல்ல."
3. செய்யாதது: "பங்கு விற்ற லாபத்தைக் கணக்கில் சேர்க்காது."
4. விவரம் கிடைக்கலைன்னா: "ஊகிக்காதே, இல்லை என்று சொல்."
5. ஆதாரம்: பதிலோடு பிரிவு எண், எந்த ஆவணம், எந்தப் பக்கம்.

நாலாவதை லேசா எடுத்துக்காதீங்க. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வருமானவரி மதிப்பீட்டு ஆணையை ரத்து செய்தது. நிறுவனம் காட்டிய வருமானம் 3.09 கோடி, ஆணையில் 27.91 கோடி. அதில் ஆதாரமாகக் காட்டிய மூணு தீர்ப்புகள் எங்கேயுமே இல்லை! ஏஐ காலத்தில் கணினி தர்றதைச் சரிபார்க்காம பயன்படுத்தக் கூடாதுன்னு நீதிமன்றம் சொன்னது.

நீங்க டூல் எழுதாதவரா இருந்தாலும், ஏஐ தர்ற பதிலைப் பார்த்து மூணு கேள்வி கேளுங்க: எந்த நிதியாண்டு? எந்த விவரத்தை எங்கிருந்து எடுத்தே? எதைக் கணக்கில் சேர்க்கலை? பதில் தெளிவா வரலைன்னா ரிட்டர்னைச் சமர்ப்பிக்காதீங்க. ஏஜென்ட் போட்ட கணக்கா இருந்தாலும், "இது சரி" என்று உறுதிமொழி கொடுக்கிறது நீங்கதான்.

தம்பி இப்போ குறிப்பைத் திருத்திட்டார். பைக் அட்வான்ஸைத்தான் திருப்பி வாங்க முடியலை.