சினந்த முகம், இரங்கும் மனம்

லடாக்கில் லே என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து 8 கிலோமீட்டர் போனால் ஸ்பிதுக் என்ற புத்த மடம் வரும். சிந்து நதிக்கரையில் ஒரு குன்றின் மேல் அது நிற்கிறது. மடத்தில் ஓர் இருட்டான அறை உண்டு. அங்கே காவல் தெய்வங்களின் சிலைகள் இருக்கின்றன. அவற்றின் முகங்களைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் குஸ்தோர் என்ற திருவிழா நடக்கும். ஆண்டில் அப்போது மட்டும் துணியை விலக்குவார்கள்.

துணியை விலக்கினால் என்ன தெரியும்? பிதுங்கிய கண்கள். நீண்ட கோரைப் பற்கள். தலையில் மண்டை ஓடுகள். முதல்முறை பார்ப்பவர் பயந்துபோவார். இது பேயா, பூதமா என்று கேட்பார்.

புத்தர் அன்பைப் போதித்தவர். அவருடைய மடத்தில் இந்தக் கோபமான சிலைகள் எதற்கு?

கோபம் யார் மேல்?

குழந்தை அடுப்பை நோக்கித் தவழ்ந்து போகிறது. தாய் பார்த்துவிடுகிறாள். "ஏய்!" என்று கத்துகிறாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறது. மனத்தில் இருப்பது கோபமா? இல்லை. குழந்தைக்குத் தீங்கு வரக் கூடாது என்ற தவிப்புதான்.

காவல் தெய்வத்தின் கோபமும் அப்படித்தான் என்கிறார்கள் பௌத்தர்கள். இந்தத் தெய்வங்களில் ஒருவர் மகாகாலர். கருணையின் வடிவம் அவலோகிதேசுவரர். அவரே எடுத்த சின வடிவம்தான் மகாகாலர் என்பது நம்பிக்கை. அவர் மனிதர்கள் மேல் கோபப்படவில்லை. மனத்தைக் கெடுக்கும் குணங்கள் மேல்தான் கோபப்படுகிறார்.

சிலை சொல்லும் செய்தி

மகாகாலர் சிலையில் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு.

தலையில் 5 மண்டை ஓடுகள். அறியாமை, சினம், ஆசை, செருக்கு, பொறாமை என்பவை 5 நஞ்சுகள். அவை 5 வகை அறிவாக மாற வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

முகத்தில் 3 கண்கள். நேற்று, இன்று, நாளை மூன்றையும் பார்க்கும் கண்கள் அவை.

உடலைச் சுற்றித் தீச்சுடர். அறியாமையை எரிக்கும் அறிவே அந்தத் தீ.

கையில் வளைந்த கத்தி. 'நான், எனது' என்ற பற்றை அது அறுக்கிறது.

காலடியில் ஓர் உருவம் மிதிபடுகிறது. நல்வழியைத் தடுக்கும் இடையூறுகளை அது குறிக்கிறது.

உடலின் நிறம் கருமை. எல்லா நிறங்களும் கருப்பில் அடங்கிவிடும். அதுபோல எல்லாம் அவரிடம் அடங்கும் என்பார்கள்.

சிலை எப்படி உருவாகிறது?

லடாக் மடங்களில் பல சிலைகள் களிமண்ணால் ஆனவை. செப்புச் சிலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் நேபாளத்தில் உள்ள பாட்டன். காட்மாண்டு அருகே இருக்கிறது. அங்கே நேவார் இனத்தைச் சேர்ந்த சாக்கியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்கின்றன.

தேன்மெழுகோடு மரப்பிசினைச் சேர்த்து இளக்குவார்கள். அதில் முதலில் உருவம் செய்வார்கள். மெழுகு உருவம் உள்ளே கூடாக இருக்கும். அதன் மேல் களிமண், சாணம், உமி கலந்து பல முறை பூசிக் காயவைப்பார்கள். பிறகு நெருப்பில் காட்டுவார்கள். மெழுகு உருகி வெளியே வந்துவிடும். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். அந்த இடத்தில் உருக்கிய செம்பை ஊற்றுவார்கள். செம்பு உருக சுமார் 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

ஆறிய பின் மண் அச்சை உடைப்பார்கள். ஓர் அச்சில் ஒரு சிலைதான் கிடைக்கும். கை, ஆயுதம் போன்றவற்றைத் தனியாக வார்த்து இணைப்பார்கள். பிறகு உளியால் செதுக்கி, அரத்தால் ராவி மெருகேற்றுவார்கள்.

நம் சுவாமிமலையிலும் மெழுகு முறைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் கெட்டிச் சிலையாக வார்ப்பார்கள். பாட்டன் சிலையின் உள்ளே வெற்றிடம் இருக்கும். அதில் மந்திரம் எழுதிய தாள் சுருள்களையும் தானியங்களையும் வைத்து அடியை மூடுவார்கள். பூசை செய்த பிறகே அது வழிபாட்டுக்கு உரிய சிலையாகும்.

பொன்னும் நஞ்சும்

சிலைக்குப் பொன் பூசுவது கடைசி வேலை. பழைய முறையில் பொன்னைப் பாதரசத்தில் கலந்து சிலை மேல் தடவுவார்கள். பிறகு நெருப்பில் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும். பொன் ஒட்டிக்கொள்ளும். சிலை பளபளக்கும்.

ஆனால் பாதரச ஆவி கொடிய நஞ்சு. மூச்சு வழியாக உடலுக்குள் போகும். நரம்புகளைக் கெடுக்கும். கை நடுங்கும். மறதி வரும். சிறுநீரகமும் பாதிக்கப்படும். வேலை செய்யும் இடம் வீட்டோடு இருந்தால் குழந்தைகளுக்கும் ஆபத்து.

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க உலக நாடுகள் 2013-ஆம் ஆண்டில் மினமாட்டா உடன்படிக்கையைச் செய்துகொண்டன. இந்தியா 2018-இல் அதில் இணைந்தது.

பாதரசம் இல்லாமல் மின்சாரத்தால் பொன் பூசும் முறையும் உண்டு. அதில் சேரும் ரசாயனங்களும் நஞ்சுதான். எந்த முறையானாலும் வேலை செய்யும் இடம் வீட்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். புகையை வெளியே இழுக்கும் வசதி வேண்டும். உரிய முகமூடி வேண்டும். வாயில் கட்டும் துணி பாதரச ஆவியைத் தடுக்காது.

காவல் தெய்வம் மற்றவர்களைக் காக்கச் செய்யப்படுகிறது. அதைச் செய்யும் கைகளையும் காக்க வேண்டும் அல்லவா?