எந்தக் குழாய்? சரியாகச் சொல்லிப் பழகுவோம்



"அம்மா, பைப்பு உடைஞ்சு தண்ணி கொட்டுது!" வீட்டில் இப்படிச் சொன்னால் போதும், அம்மா ஓடி வந்து பார்த்துவிடுவார். கட்டுரையைப் படிப்பவர் அப்படி வந்து பார்க்க முடியாது, இல்லையா? 'குழாய் உடைந்தது' என்றால், திறந்து மூடும் குழாயா, சுவருக்குள் ஓடும் குழாயா, சாலைக்கு அடியில் இருப்பதா? தமிழில் எல்லாமே குழாய்தான். ஆகவே, அதன் வேலையையோ, அது செய்யப்பட்ட பொருளையோ முன்னால் சேர்த்து எழுதுங்கள். சில குழாய்களைப் பார்ப்போமா?

குடிநீர்க் குழாய்: சாலைக்கு அடியில் தண்ணீர் அதிக அழுத்தத்தோடு ஓடுகிறது. அதைத் தாங்க இரும்பு, எஃகுக் குழாய்கள் பயன்படுகின்றன. துருப்பிடிக்காமல் இருக்க உட்புறம் சிமெண்டு பூசுவார்கள். பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இருக்கும். பூச்சு தேய்ந்தால் துருவேறி, காலையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருக்கும்.

ஈயக் குழாய்: பழங்கால ரோமானியர் பயன்படுத்தியது. 'பிளம்பர்' என்ற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால் இன்று குடிநீருக்கு இதைப் புதிதாகப் பொருத்துவதில்லை.

செப்புக் குழாய்: எளிதில் வளையும், வெப்பத்தை விரைவாகக் கடத்தும். குளிர்சாதனப் பெட்டியிலும் 'ஏர்கோன்' இயந்திரத்திலும் இருக்கிறது.

கழிவுநீர்க் குழாய்: பெரும்பாலும் பிவிசி. எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் கொதிநீரை அடிக்கடி ஊற்றினால் இளகிவிடும். கைகழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பாருங்க, குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கும்.

துணிக்கழிக் குழாய்: சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடி வீடுகளில், துணி காயவைக்கும் மூங்கில் கழியைச் செருகுவதற்கானது. மழைநீர் தேங்கினால் இதில் டெங்கிக் கொசு முட்டையிடும். பயன்படுத்தாதபோது மூடி வையுங்கள்.

ஒரு குழாய் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜொகூர் பாலமே சான்று. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது, ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயும் அறுந்துபோனது. இன்று 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். சுத்திகரித்த நீரில் ஒரு பங்கு மீண்டும் ஜொகூருக்கே குழாய்வழி திரும்புகிறது.

தேர்வுக்கு நினைவில் வையுங்கள்:

1. 'குலாய்', 'குளாய்' இரண்டும் பிழை. சிறப்பு ழகரம்தான் வரும்: குழாய்.
2. குடிநீர் + குழாய் = குடிநீர்க் குழாய். 'க்' மிகும். செப்புக் குழாய், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் ஆகியவற்றிலும் அப்படியே.

பயிற்சி: "பைப்பு லீக்காவுது" என்பதை எழுத்துத் தமிழில் மாற்றுங்கள். "சமையலறைத் தொட்டியின் கழிவுநீர்க் குழாயில் நீர் கசிகிறது" என்று எழுதினால், எங்கே, எது, என்ன என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். இதேபோல் உங்கள் வீட்டிலுள்ள மூன்று குழாய்களைப் பற்றி எழுதிப் பாருங்க!