சீஃபீல்டு தோட்டமும் பல்கலைக்கழக வாசலும்

சுபாங் ஜெயா 1976-இல் எழும்பத் தொடங்கும்வரை அது சீஃபீல்டு தோட்டம். தமிழ்க் குடும்பங்கள் பால்மரம் வெட்டிப் பிழைத்த நிலம். மரங்கள் போய்விட்டன, சீஃபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் அந்தப் பெயரோடு நகருக்குள் நடக்கிறது. 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தபின் இந்த வட்டாரத்தில் தனியார் கல்லூரிகள் பெருகின. டெய்லர்ஸ், சன்வே, 1998-இல் வந்த மோனாஷ் என்று வரிசை நீள்கிறது. ஆனால் அவற்றின் கட்டணம் லாரி ஓட்டுநர் வீட்டுக்கோ பாதுகாவலர் வீட்டுக்கோ எட்டுவதில்லை. அவர்களுக்கு நம்பிக்கை அரசாங்கப் பல்கலைக்கழகம்தான்.

அந்த வாசலை ஒரு பல்கலைக்கழகத் தலைவர் எவ்வளவு தூரம் திறக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் உங்கு அசிஸ். கிராமப்புற வறுமையை ஆராய்ந்த பொருளியலாளர். கம்பத்துப் பிள்ளைகள் அறிவியல் துறைகளுக்கு வராததற்குக் காரணம் அறிவுக் குறைவல்ல, அவர்கள் படித்த பள்ளிகளின் குறையே என்று அவர் கண்டார். தேர்ச்சி பெற்றவர்கள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1970-களில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அறிவியல் அடிப்படைக் கல்வி மையம் உருவானது. பள்ளி தராததைப் பல்கலைக்கழகமே தந்து, பிறகு பட்டப்படிப்புக்கு அழைத்துக்கொண்டது. மலாய்ப் பிள்ளைகளின் ஒரு தலைமுறையே அந்த வழியில் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆனது.

தோட்டத்துப் பிள்ளைகளின் குறையும் அதே குறைதான். அவர்களுக்கு அப்படியொரு வழி அன்று அமையவில்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன ஒதுக்கீட்டு முறை 2002-இல் விலக்கப்பட்டது. ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய படியில் இரண்டு பாதைகள் நின்றன. ஒன்று, பெரும்பாலோர் ஓராண்டில் முடிக்கும் மெட்ரிகுலேஷன். மற்றது, ஒன்றரை ஆண்டுகளில் மூன்று தவணைகளாக எழுதும் எஸ்.டி.பி.எம். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதோருக்கு 10 விழுக்காடு மட்டுமே. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் அந்த விகிதம் மாறவில்லை. இது நியாயமில்லை. 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்புச் செய்தார்: எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு, எந்த இனமானாலும், மெட்ரிகுலேஷன் இடம் உறுதி. வரவேற்க வேண்டிய படி. ஆனால் தனி டியூஷனுக்கு வழியில்லாத வீட்டில் ஏழு ஏ எடுக்கும் பிள்ளையின் உழைப்பை அந்த அளவுகோல் காணாது.

அங்கேதான் இன்றைய துணைவேந்தர்களுக்கு வேலை இருக்கிறது. இடங்களின் கொள்கை அமைச்சின் கையில் இருக்கலாம்; ஏழைப் பள்ளிகளைத் தேடிப் போவதும், அடிப்படை மையங்களை வருமானம் பார்த்துத் திறப்பதற்குக் குரல் கொடுப்பதும் அவர்களால் முடியும். ஒரு துணைவேந்தரால் வாசலைத் திறக்க முடியும் என்று உங்கு அசிஸ் செய்து காட்டினார்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எஸ்.பி.எம். முடிவு வந்தவுடன் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிடாதீர்கள். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பியுங்கள், கிடைக்காவிட்டால் ஆறாம் படிவத்தில் சேருங்கள். எஸ்.டி.பி.எம். கடினம்தான், ஆனால் அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. ஆகவே பிள்ளையைச் சாரணர் இயக்கத்துக்கும் விளையாட்டுக்கும் இப்போதே அனுப்புங்கள்.